குளியலறைச் சுவரில் ஏறுவது கட்டுவிரியன்தானா?

ராத்திரி பதினொரு மணி. வெளியே மழை. குளியலறை விளக்கைப் போட்டால் ஜன்னல் ஓரத்தில் கறுப்பாக ஒன்று, உடம்பில் வெள்ளை வரிகளோடு. "ஐயோ, கட்டுவிரியன்!" என்று ஒரு குரல். பக்கத்து வீட்டு அண்ணன் கட்டையோடு ஓடி வருகிறார். இரண்டே அடியில் கதை முடிந்துவிடுகிறது.

திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்து வீடுகளுக்கு இது பழக்கமான காட்சிதான். ஆனால், செத்துக் கிடப்பது பல நேரங்களில் கட்டுவிரியனே இல்லை. வெள்ளிக்கோல் வரையன் என்ற, விஷமே இல்லாத பாம்பு. பல்லி பிடிக்க வந்திருக்கும், பாவம்.

பாம்புகளுக்கு இந்தப் பகுதியில் வசதிக்குக் குறைவில்லை. கொசஸ்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும் எண்ணூர் முகத்துவாரத்தில் கடலைத் தொடுகின்றன. சுற்றிலும் சேறு, புதர், குட்டை. துறைமுகத்தை ஒட்டிக் கிடங்குகள். கிடங்கு இருந்தால் எலி. எலி இருந்தால் பாம்பு. பொந்துக்குள் மழைத் தண்ணீர் புகுந்தால் அதுவும் நம்மைப் போலவே மேடு தேடித்தான் வரும்.

சரி, இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? முதலில் கழுத்தைப் பாருங்கள். வெள்ளிக்கோல் வரையனுக்கு வரிகள் கழுத்துக்குப் பக்கத்திலேயே தொடங்கிவிடும். முன்பக்கம் பளிச்சென்று இருந்து, வால் பக்கம் போகப் போக மங்கிவிடும். கட்டுவிரியனுக்கு நேர்மாறு. தலையை அடுத்துக் கொஞ்ச தூரம் பெரும்பாலும் வெறும் கறுப்பு. அதற்குப் பிறகுதான் மெல்லிய வெள்ளை வரிகள், இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்து, வால் வரை தெளிவாகப் போகும். கட்டுவிரியன் எண்ணெய் பூசியதுபோல மினுக்கும் கருநீலம். மற்றது பெரும்பாலும் பழுப்பு. கட்டுவிரியனின் முதுகு நடுவில் பெரிய அறுகோணச் செதில்கள் வரிசையாக இருக்கும். அதை எண்ணிப் பார்க்கும் தூரத்துக்கு மட்டும் யாரும் போக வேண்டாம்.

இன்னொரு குறிப்பு, ஏறும் வித்தை. சொரசொரப்பான சுவரில் சரசரவென்று ஏறுவதில் வெள்ளிக்கோல் வரையன் கில்லாடி. கட்டுவிரியன் பெரும்பாலும் தரையோடு தரையாகத்தான் திரியும். கையில் பிடித்தால் வெள்ளிக்கோல் வரையனும் கடிக்கும். முன்பற்கள் நீளமானவை என்பதால்தான் இதற்கு ஓநாய்ப் பாம்பு என்றும் பெயர். கொஞ்சம் ரத்தம் கசியும், அவ்வளவுதான்.

ஆனால், தவறு மறுபக்கமும் நடக்கலாம். அங்கேதான் ஆபத்து. குட்டிக் கட்டுவிரியனுக்கு வரிகள் கழுத்துக்கு அருகிலேயே தொடங்கக்கூடும். நீளத்திலும் அது வெள்ளிக்கோல் வரையன் அளவுதான் இருக்கும். 'இது விஷமில்லாததுதான்' என்று கையால் எடுத்துப் போட்டால் போச்சு. கட்டுவிரியன் கடித்தால் வலி அநேகமாகத் தெரியாது. தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர் கொசு கடித்ததாக நினைத்துப் புரண்டு படுப்பார். விடிவதற்குள் வயிற்றுவலி வரும், இமை தானாக மூடும், பேச்சு குழறும், கடைசியில் மூச்சுத் திணறும். அதனால் துளி சந்தேகம் இருந்தாலும் கட்டுவிரியன் என்றே நினைத்துத் தள்ளி நிற்பதுதான் புத்திசாலித்தனம்.

வீட்டுப் பக்கம் வரும் மற்ற சாதுக்களும் இப்படி வீணாக அடிபடுகின்றன. எலி தேடி வரும் சாரையை நல்லபாம்பு என்று நினைத்துவிடுகிறார்கள். சாரைக்குப் படம் கிடையாது, கண் பெரியது. சாரையும் நல்லபாம்பும் இணை சேரும் என்பது கட்டுக்கதை. பின்னிப் பிணைந்து எழும்புபவை பெரும்பாலும் மல்லுக்கட்டும் இரண்டு ஆண் சாரைகள். தண்ணீர்ப் பாம்பு பயந்தால் கழுத்தைத் தட்டையாக்கி நிமிரும். அதையும் நல்லபாம்பு என்று அடிக்கிறார்கள். ராயபுரம், காசிமேடு மீனவர்களுக்கு இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. வலையில் வருவதன் வால் துடுப்புபோலத் தட்டையாக இருந்தால் அது கடல் பாம்பு, கடும் விஷம். தண்ணீர்ப் பாம்பின் வால் உருண்டு, கூராக முடியும். பூந்தொட்டி மண்ணில் மண்புழு மாதிரி நெளியும் கறுப்புப் புழுப்பாம்பை யாரும் கண்டுகொள்ள வேண்டியதில்லை. அந்த இனத்தில் ஆணே கிடையாது, எல்லாம் பெண்!

பாம்பு வீட்டுக்குள் இருந்தால் குழந்தைகளையும் நாயையும் வெளியேற்றி, கதவிடுக்கில் துணியை அடைத்துவிட்டு, தீயணைப்புத் துறைக்கு 101-இல் சொல்லலாம். தள்ளி நின்று செல்போனில் ஜூம் செய்து ஒரு படம் எடுத்தால் அடையாளம் காண உதவும்.

யாரையாவது கடித்துவிட்டால், எந்தப் பாம்பு என்ற ஆராய்ச்சியில் நேரம் போக்கக் கூடாது. கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எல்லாம் கெடுதல். கடிபட்ட கை, காலை அசைக்காமல், 108-ஐ அழைத்து ஸ்டான்லி போன்ற பெரிய அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். பாம்பை அடித்துப் பையில் போட்டு எடுத்துப்போக வேண்டியதில்லை. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். அந்த மருந்துக்கான விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்கள், இதே சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார். பிடித்த பாம்பை அவர்கள் கொல்வதில்லை; விஷம் எடுத்த பிறகு காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள்.