ஜி2 கையில் கிடைத்த முதல் ஆறு மாதம்



வருமான வரிக் காலத்தில் கணக்குப் பார்க்க வரும் பெற்றோர், வேலை முடிந்து எழும்பும்போது ஒரு கேள்வி கேட்பார்கள். "அண்ணை, மூத்தவனுக்கு ஜி2 கிடைச்சிட்டுது. காப்புறுதிக்காரன் கேட்கிற காசைப் பார்த்தியளோ?" காசைப் பற்றிக் கேட்பவர்கள் அநேகர். பிள்ளை யாரை ஏற்றிக்கொண்டு, எந்த நேரத்தில், எந்தத் தெருவில் ஓடுகிறான் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. இளம் சாரதிகளுக்குச் சட்டம் இன்னும் இறுக வேண்டுமா என்ற கேள்வியை நமது நிகழ்ச்சியில் எடுத்தபோது, தொலைபேசியில் வந்த பெற்றோர் ஒரு பக்கமும் பிள்ளைகள் மறுபக்கமுமாக நின்றார்கள். நேரம் போதாமல் சொல்ல முடியாமற் போனவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஒன்ராறியோவில் படிப்படியாக அனுமதிப்பத்திரம் வழங்கும் முறை 1994 ஏப்ரலில் தொடங்கியது. கனடாவில் இதை முதலில் கொண்டுவந்த மாகாணம் இதுதான். அதற்கு முன்னோடி நியூசிலாந்து. அங்கே 1987இலேயே வந்துவிட்டது. கருத்து எளிமையானது. வாகனம் ஓட்டுவதில் எல்லாக் கஷ்டங்களையும் ஒரே நாளில் பிள்ளையின் தலையில் ஏற்றாமல், கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது.

16 வயதில் எழுத்துப் பரீட்சையில் தேறினால் ஜி1. பக்கத்து இருக்கையில் நான்கு வருட அனுபவமுள்ள, முழு அனுமதிப்பத்திரம் பெற்ற ஒருவர் இருக்க வேண்டும். நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 5 மணிவரை ஓட்டக்கூடாது. 401, 404, டொன் வலி பார்க்வே போன்ற பெருந்தெருக்களில் ஏறக்கூடாது. சாரதிக்கு ஒரு துளி மதுவும் ஆகாது. பக்கத்தில் இருப்பவருக்கும் மதுவின் அளவு 0.05ஐ விடக் குறைவாகவே இருக்க வேண்டும். இந்தக் கடைசி விதி நம்மவர் பலருக்குத் தெரியாது. கலியாண மண்டபத்தில் இரவு பன்னிரண்டரைக்கு, "நான் கொஞ்சம் எடுத்திட்டன், தம்பி நீ ஓடு" என்று ஜி1 பிள்ளையிடம் சாவியைக் கொடுக்கும் தகப்பன்மாரை நீங்களும் கண்டிருப்பீர்கள். அவர்கள் ஒரே பயணத்தில் இரண்டு விதிகளை மீறுகிறார்கள். தண்டனை போவது பிள்ளையின் அனுமதிப்பத்திரத்துக்கு.

ஜி1 எடுத்துப் பன்னிரண்டு மாதம் கழித்து, அல்லது அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி வகுப்பு முடித்திருந்தால் எட்டு மாதம் கழித்து, வீதிப் பரீட்சை. தேறினால் ஜி2. நான் கவலைப்படும் இடம் இங்கேதான் வருகிறது.

ஜி1இல் பிள்ளை பெருந்தெருவில் ஏற முடியாது என்றேன். இதற்கு ஒரு விலக்கு உண்டு: உரிமம் பெற்ற பயிற்றுநர் பக்கத்தில் இருந்தால் ஏறலாம். ஆனால் ஜி2 பரீட்சையில் பெருந்தெரு ஓட்டம் கிடையாது. அது பிறகு முழு ஜி எடுக்கும்போது வருவது. ஆகவே பயிற்றுநரிடம் அந்தப் பாடத்தைக் கேட்டு வாங்காத பிள்ளை, காலையில் ஜி2 எடுத்து, அன்று பின்னேரமே வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனியே 401இல் ஏறலாம். சட்டம் அதைத் தடுக்காது. ஸ்காபரோவில் பரீட்சை கடினம், திகதியும் கிடைக்காது என்று பீற்றர்பரோவுக்கும் லிண்ட்சேக்கும் போய் அமைதியான தெருக்களில் பரீட்சை எடுத்துவருவது நம் மத்தியில் ஒரு கெட்டித்தனமாகவே பேசப்படுகிறது. பத்திரம் கிடைக்கும். மக்கோவன் வீதியில் இருந்து 401க்குள் நுழைந்து, நூறு கிலோமீற்றர் வேகத்தில் வரும் லொறிகளுக்கு நடுவே இடம் பிடிக்கும் பழக்கம் அதோடு வராது.

இரண்டாவது இடைவெளி, கூட ஏறும் நண்பர்கள். ஜி2 சாரதி 19 வயதோ அதற்குக் கீழோ என்றால், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை, முதல் ஆறு மாதம், 19 வயதுக்கு மேற்படாத ஒருவரை மட்டுமே ஏற்றலாம். ஆறு மாதத்துக்குப் பிறகு மூவர். குடும்பத்தவர் இந்தக் கணக்கில் சேரமாட்டார்கள். அனுபவமுள்ள சாரதி ஒருவர் முன்னிருக்கையில் இருந்தாலும் விதி பொருந்தாது. 2005இல் வந்த இந்த விதி நல்லதுதான். ஆனால் பகலில்? மாலை நான்கு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் நான்கு நண்பர்களை ஏற்றிக்கொண்டு புறப்படும் 17 வயதுப் பிள்ளைக்கு, ஆளுக்கொரு இருக்கைப்பட்டி இருந்தால் போதும்.

நண்பர்கள் ஏறுவதில் என்ன ஆபத்து என்று பிள்ளைகள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் 2000ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளிவந்தது. 16, 17 வயதுச் சாரதிகள் தனியே ஓடும்போது மரணிக்கும் ஆபத்தை, ஆட்களை ஏற்றி ஓடும்போது உள்ள ஆபத்தோடு அது ஒப்பிட்டது. ஒருவர் ஏறினால் ஆபத்து கூடுகிறது. இருவர் ஏறினால் இன்னும் கூடுகிறது. மூன்று பேரோ அதற்கு மேலோ என்றால் ஏறத்தாழ மூன்று மடங்கு. பின்னர் வந்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின: ஏறுபவர் 35 வயதைத் தாண்டியவர் என்றால் ஆபத்து கூடுவதில்லை, குறைகிறது. அதே பிள்ளை, அதே கார். பின்னுக்கு அம்மம்மா இருந்தால் ஒரு விதமாகவும், வகுப்பு நண்பர்கள் இருந்தால் வேறு விதமாகவும் ஓடுகிறான். இதில் பிள்ளையின் குணத்தைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சிரிப்பு, பாட்டு, "மச்சான், அவனை முந்து" என்ற ஒரு குரல். ஓட்டம் இன்னும் கைக்குப் பழகாத ஒருவருக்கு அவ்வளவும் பாரம்.

இந்தப் பகல் இடைவெளியை அடைக்க ஒன்ராறியோ ஒருமுறை முயன்றது. 2008 ஜூலையில் மஸ்கோக்காப் பகுதியில் ஒரு கார் ஆற்றில் விழுந்து மூன்று இளைஞர்கள் இறந்தார்கள். அதில் மகனை இழந்த தந்தை ஒருவர், சட்டத்தை இறுக்குங்கள் என்று பகிரங்கமாகக் கேட்டார். அந்த நவம்பரில் அரசாங்கம் ஒரு சட்டமூலத்தைக் கொண்டுவந்தது. பதின்ம வயது ஜி2 சாரதி, முதல் வருடம் முழுவதும், எந்த நேரத்திலும் தன் வயதினர் ஒருவரை மட்டுமே ஏற்றலாம் என்பது அதில் ஒரு பகுதி. பேஸ்புக்கில் ஓர் இலட்சத்துக்கும் மேலான இளைஞர்கள் திரண்டு எதிர்த்தார்கள். சில வாரங்களில் முதல்வர் டோல்ரன் மக்கின்ரி அந்தப் பகுதியைக் கைவிட்டார். மிஞ்சியதில் முக்கியமானது, 21 வயதோ அதற்குக் கீழோ உள்ள எந்தச் சாரதிக்கும் மது அறவே கூடாது என்பது. அது 2010 ஆகஸ்ட் 1இல் நடைமுறைக்கு வந்தது. கஞ்சா சட்டபூர்வமான 2018இல் அதற்கும் அதே விதி வந்தது.

அன்று பிள்ளைகள் சொன்ன வாதத்தைத் தள்ளிவிட முடியாது. "நாலு பேர் ஒரு காரில் போவதைத் தடுத்தால் நாலு கார் ஓடும், அதில் நாலு புதுச் சாரதிகள் இருப்பார்கள்" என்றார்கள். பார்ட்டிக்குப் போகும் கூட்டத்தில் குடிக்காத ஒருவன் மற்றவர்களை வீட்டில் விடுவதையும் இந்தச் சட்டம் கெடுக்கும் என்றார்கள். காகிதத்தில் சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் நாலு பேருக்கும் கார் இருக்கும் வீடுகள் எத்தனை? பலர் போகாமல் விடுவார்கள், அல்லது பெற்றோர் கொண்டுபோய் விடுவார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2003இலிருந்து 'என்' அட்டை ஒட்டிய புதுச் சாரதி, இரவோ பகலோ, நெருங்கிய குடும்பத்தவர் தவிர ஒருவரை மட்டுமே ஏற்றலாம். கலிபோர்னியாவில் 1998இலிருந்தே இதுபோன்ற விதி உண்டு. அங்கேயும் பிள்ளைகள் பள்ளிக்கும் வேலைக்கும் போய்வருகிறார்கள்.

என் அபிப்பிராயம் இதுதான். முதல் ஆறு மாதம், பகலிலும் ஒரு நண்பர் மட்டும் என்ற விதி இங்கேயும் வர வேண்டும். குடும்பத்தவருக்கான விலக்கு அப்படியே இருக்க வேண்டும். நம் வீடுகளில் தம்பியைத் தமிழ்ப் பாடசாலையில் விடுவதும், அப்பப்பாவை வைத்தியரிடம் கொண்டுபோய் அங்கே மொழிபெயர்ப்பதும், இரவு வேலை முடித்த அம்மாவை ஏற்றிவருவதும் மூத்த பிள்ளைதான். ஓட்டும் வயதைக் கூட்டுவதையும், ஜி2 பிள்ளைகள் இரவில் தனியே ஓடுவதைத் தடை செய்வதையும் நான் ஆதரிக்கமாட்டேன். கோப்பிக் கடையிலும் களஞ்சியத்திலும் இரவு ஒரு மணிக்கு வேலை முடியும் பிள்ளைகள் நம்மிடம் எத்தனை பேர். அந்த நேரத்தில் ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்ததுக்கு எவ்வளவு நேரம் நிற்பது? பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு அந்தத் தடை ஒரு தொந்தரவு. நம் வீட்டுப் பிள்ளைக்கு அது வேலை போகிற விஷயம்.

பயிற்சி மணித்தியாலம் பற்றியும் ஒரு வார்த்தை. சிட்னியில் உறவினர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். நியூ சவுத் வேல்ஸில் 25 வயதுக்குக் குறைந்தவர் 120 மணித்தியாலம் ஓடிப் பழகி, அதில் 20 மணித்தியாலம் இரவில் ஓடி, பதிவுப் புத்தகத்தில் எழுதிக் காட்ட வேண்டும். ஒன்ராறியோவில் மாதக் கணக்கு உண்டு, மணிக் கணக்கு இல்லை. பன்னிரண்டு மாதமும் காரைத் தொடாமல் இருந்துவிட்டுக் கடைசி வாரத்தில் பத்துத் தடவை ஓடிப் பரீட்சைக்குப் போகலாம். இங்கேயும் ஒரு மணிக் கணக்கு வேண்டும் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த மணித்தியாலங்களுக்குப் பக்கத்தில் இருக்கப் போவது யார்? தகப்பன் இல்லாத வீடுகள், தாய் வாகனம் ஓட்டாத வீடுகள், வந்து இரண்டு வருடமே ஆகி நான்கு வருட அனுபவத்தைக் காட்டப் பத்திரம் எதுவும் இல்லாத வீடுகள் நம் சமூகத்தில் நிறைய உண்டு. ஊரைவிட்டு உடுத்த துணியோடு வந்தவரிடம் பழைய சாரதிப் பத்திரத்தைக் கேட்டால் எங்கே போவார்? உதவிக்கு வழி வைக்காமல் மணிக் கணக்கை மட்டும் சட்டமாக்கினால், அந்தப் பிள்ளைகள் மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் பயிற்றுநருக்குக் காசு கட்ட வேண்டிவரும். இதில் நம் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் செய்யக்கூடிய வேலை உண்டு. வருடத்துக்கு ஒரு இராப்போசன விருந்தைக் குறைத்து, ஓய்வுபெற்ற நல்ல சாரதிகள் சிலரை ஞாயிறு காலைகளில் இதற்கு ஒழுங்குபடுத்தலாம். அந்த வாகனத்தின் காப்புறுதி நிறுவனத்திடம் மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி, கணக்காளனாகச் சொல்ல வேண்டியது. வீட்டில் இருக்கும் அனுமதிப்பத்திரக்காரர் எல்லோரையும் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். மகன் நாள்தோறும் ஓடும் காரைத் தகப்பனே ஓடுவதாக எழுதிக் கட்டணத்தைக் குறைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. சில முகவர்களே சொல்லிக் கொடுக்கிறார்கள். விபத்து நடந்த பிறகு உண்மை தெரிந்தால், நிறுவனம் உங்கள் கார்ச் சேதத்துக்குப் பணம் தர மறுக்கலாம். மற்றவருக்குக் கொடுத்ததை உங்களிடம் திருப்பியும் கேட்கலாம். சட்டப்படி கட்டாயமான பொறுப்புக் காப்புறுதியின் அடிமட்டத் தொகை 200,000 டொலர். பலத்த காயமடைந்த ஒருவரின் வழக்கில் அது விரைவாகக் கரைந்துவிடும். மிஞ்சியது கார் உரிமையாளரைத் தேடி வரும். உங்கள் சம்மதத்தோடு பிள்ளை ஓடினால் அவன் கவனக்குறைவுக்கு உரிமையாளரான நீங்களும் பொறுப்பு. இருபது வருடம் இரண்டு வேலை செய்து கட்டிய வீடு அந்தக் கணக்கில் நிற்கிறது.

அதிவேகச் சட்டமும் அப்படித்தான். வேக எல்லை 80க்குக் குறைந்த தெருவில் 40 கிலோமீற்றர் கூடுதலாக ஓடினாலே அது சாகச ஓட்டம் என்ற குற்றம். பிடித்த இடத்திலேயே 30 நாள் அனுமதிப்பத்திரம் போகும், 14 நாள் கார் போகும். கார் யாருடையது என்று பொலிஸ் பார்ப்பதில்லை. தகப்பன் அந்தக் காரில்தான் உணவு விநியோகம் செய்கிறார் என்றால் இரண்டு கிழமை வருமானமும் அதோடு போகும். இழுத்துச்சென்ற செலவும் நிறுத்திவைத்த கூலியும் உரிமையாளர் தலையில். நீதிமன்றத்தில் குற்றம் உறுதியானால் தண்டம் ஆகக் குறைந்தது 2,000 டொலர். கையில் தொலைபேசியோடு பிடிபட்டுக் குற்றவாளியாகும் ஜி2 சாரதிக்கு முதல் தடவை 30 நாள், இரண்டாம் தடவை 90 நாள் இடைநிறுத்தம். மூன்றாம் தடவை அனுமதிப்பத்திரம் இரத்தாகித் திரும்ப ஜி1இலிருந்து தொடங்க வேண்டும்.

கடைசியாக, நிகழ்ச்சியில் ஒரு தாய் கேட்ட கேள்வி. கட்டணம் தாங்க முடியாததால், "என் மகன் இந்தக் காரை ஓடமாட்டான்" என்று எழுதிக் கொடுத்து அவரைக் காப்புறுதியிலிருந்து விலக்கலாமா என்று கேட்டார். விலக்கலாம், அதற்கென்று ஒரு படிவம் இருக்கிறது, கட்டணமும் குறையும். ஆனால் அதன் பிறகு அவர் அந்தக் காரைக் கடைவரைக்கும் எடுத்துச் சென்றாலும் காப்புறுதி இல்லாமல் ஓடியதாகவே கணக்கு. முதல் குற்றத்துக்கே தண்டம் 5,000 டொலரிலிருந்து 25,000 டொலர் வரை. ஓட விட்ட உரிமையாளருக்கும் அதே தண்டம் உண்டு. கையெழுத்து வைப்பதானால் அன்றிலிருந்து கார்ச் சாவியைக் கதவடி ஆணியில் கொழுவாமல் உங்கள் கைப்பையில் வைத்திருங்கள் அம்மா.