சொல்லிசை வாணர் யோகி பி

வையை பாயும் சோழவந்தானுக்கு இசை புதிதன்று. ஆற்றின் தென்கரையிலே தோன்றி, நாடக மேடையிலே வளர்ந்து, 1945-இல் வெளிவந்த 'ஸ்ரீ வள்ளி' என்னும் படத்தால் தமிழ்நாடெங்கும் புகழெய்திய டி. ஆர். மகாலிங்கத்தின் ஊர் அது. அவர் பாட்டுக்களைக் கேட்டே முதுமையெய்திய பெரியவர் ஒருவர், சென்ற விடுமுறையில் யான் கேட்டுக்கொண்டிருந்த பாட்டொன்றைச் சிறிது நேரம் செவிமடுத்து, "தம்பி, இவர் பாடுகிறாரா, பேசுகிறாரா?" என்று வினவினார். "இரண்டுந்தான், ஐயா" என்றேன். அவ்விடை அவருக்கு நிறைவளிக்கவில்லை. உண்மை கூறின், எனக்கும் அளிக்கவில்லை. தக்கதொரு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை. அப்பாட்டுக்கு உரியவர் மலேசியத் தமிழராகிய யோகி பி என்பவர்.

முதற்கண் இக்கலையின் பிறப்பைச் சிறிது நோக்குவோம். 1973-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 11-ஆம் நாள், நியூயார்க்கு நகரின் பிராங்க்ஸ் பகுதியில் ஒரு குடியிருப்பிலே நிகழ்ந்த விருந்தினையே ஹிப் ஹாப்பின் தொடக்கமாகப் பலரும் கொள்வர். ஜமைக்காத் தீவினின்றும் குடியேறிய கூல் ஹெர்க் என்னும் இளைஞர், இரண்டு இசைத்தட்டுச் சுழலிகளை அருகருகே வைத்து, பாட்டில் தாளம் மட்டும் ஒலிக்கும் பகுதியை மாறி மாறி ஓடவிட்டு நீளச் செய்தார். அந்நீண்ட தாளத்தின்மேல் சொற்களைச் சந்தம் பிறழாது அடுக்கிக் கூறுதல் 'ராப்' எனப்பட்டது. கருவிகள் வாங்கப் பொருளற்ற எளியோர், பழைய தட்டுக்களையும் தம் நாவையுமே கருவியாகக் கொண்டு ஆக்கிய கலை இது என்பதை நாம் மறத்தலாகாது.

இக்கலை கடல் கடந்து கோலாலம்பூரை அடைந்தது. அந்நாட்டுத் தமிழருட் பலர், இரப்பர்த் தோட்டங்களில் உழைக்கச் சென்றோரின் வழித்தோன்றல்கள். மலாயும், சீனமும், ஆங்கிலமும் தமிழோடு ஒரே தெருவில் ஒலிக்கும் நாடு அது. அத்தகைய சூழலில் யோகி பி, லேண்ட் சிலைட், பாயிண்ட் பிளாங்க், சி. லோக்கோ ஆகியோர் 'பொயடிக் அம்மோ' என்னும் குழுவாக இணைந்தனர். 1998-இல் வெளிவந்த அவர்தம் முதல் இசைத்தொகுப்பில் ஆங்கிலம், மலாய், தமிழ், காண்டனியம் ஆகிய மொழிகள் இடம்பெற்றன. கூடிப் பாடுதலே அவருடைய முதற் பள்ளி என்பது இதனால் விளங்கும்.

பன்மொழிகளில் பெயர்பெற்ற ஒருவர் பின்னர் எம்மொழியை நாடுவார்? பரந்த சந்தையை உடைய ஆங்கிலத்தையே என்பர் உலகியல் அறிந்தோர். யோகி பி நாடியதோ தமிழை. டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் என்னும் இருவரைக் கொண்ட 'நட்சத்திரா'வோடு சேர்ந்து, 2006-இல் 'வல்லவன்' என்னும் தொகுப்பை அவர் வெளியிட்டார். அதனுள் அமைந்த 'மடை திறந்து' என்னும் பாட்டு, 1980-இல் 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா அமைத்த பாடலை அடியொற்றியது. தந்தையர் தலைமுறை விரும்பிய இன்னிசையை அடித்தளமாக வைத்து, அதன்மேல் மைந்தர் தலைமுறையின் சொல்லிசையை எழுப்பினார். மலேசியாவில் மட்டுமன்றித் தமிழகத்திலும் இளைஞர் அதனை விரும்பிக் கேட்டனர்.

தமிழில் ராப் அதற்கு முன்பே ஒலித்ததுண்டு. ஏ. ஆர். ரகுமான் இசையில் 1994-இல் 'காதலன்' படத்தில் வந்த 'பேட்டை ராப்' யாவரும் அறிந்ததே. ஆயினும் அது கதைக்கிடையே வந்துபோகும் ஒரு பாட்டு. ராப்பினையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டு, அதனைத் தமிழிலும் தொகுப்பாக இயற்றி நிலைபெற்றமையே யோகி பி-யின் சிறப்பு.

இனி, இக்கலை தமிழுக்கு ஒவ்வுமோ என்னும் ஐயத்தை ஆராய்வோம். ராப்புக்கு உயிர் அடியிறுதி ஒலி ஒன்றிவருதல். அதனை நம் இலக்கணம் இயைபு என்னும். தமிழில் 'வந்தான், நின்றான், சென்றான்' என வினைமுற்றுக்களை அடுக்கினாலே இயைபு வாய்த்துவிடும். எளிதில் வாய்ப்பது எளிதில் சலிப்பூட்டும். ஆகவே வல்லோர் இயைபோடு நில்லாது, முதலெழுத்து ஒன்றும் மோனையையும், இரண்டாமெழுத்து ஒன்றும் எதுகையையும் துணைக்கொள்வர். குறிலும் நெடிலும், வல்லினமும் மெல்லினமும் தாளத்தின் விரைவுக்கும் தளர்வுக்கும் இடந்தரும். அருணகிரிநாதரின் சந்தங்களில் திளைத்த மொழிக்கு விரைந்து தாளத்தோடு சொல்லுதல் அயன்மையுடையதன்று. இதனை உணர்ந்தன்றோ 'சொல்லிசை' என்னும் அழகிய பெயரும் வழங்கலாயிற்று!

பிறரோடு அவர் கூடிய வரலாறும் கருதற்பாலது. 1979-இல் 'நினைத்தாலே இனிக்கும்' படத்துக்கு எம். எஸ். விசுவநாதன் அமைத்த 'எங்கேயும் எப்போதும்' என்னும் பாடல், 2007-இல் வெற்றிமாறனின் 'பொல்லாதவன்' படத்திற்காகப் புத்துருவம் பெற்றபோது, அதில் யோகி பி-யின் சொல்லிசை சேர்ந்தது. அவ்வியக்குநரே மதுரைச் சேவற்சண்டையைப் பொருளாக வைத்து 2011-இல் வெளியிட்ட 'ஆடுகளம்' படத்தில், ஜி. வி. பிரகாஷ்குமார் இசையில், 'போர்க்களம்' என்னும் பாட்டில் அவர் குரல் ஒலித்தது. நம் மண்ணின் கதைக்குக் கடல்கடந்த தமிழர் குரல் கொடுத்தார் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவதன்றோ? பின்னர் 2017-இல் 'விவேகம்' படத்தில் அனிருத்தோடும், 2018-இல் 'காலா' படத்தின் 'கற்றவை பற்றவை' என்னும் பாட்டில் அருண்ராஜா காமராஜ் முதலியோரோடும் பாடினார். இசையமைப்பாளர் மாறினர், அவர் குரலின் தன்மை மாறவில்லை.

சோழவந்தான் வெற்றிலை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. வெற்றிலைக்கொடி தானே நிமிர்ந்து நிற்பதன்று. அகத்தியைப் பற்றியே மேலேறும். ஆயினும் அகத்தியின் கசப்பு வெற்றிலைக்கு ஏறுவதில்லை. அதன் காரம் அதற்கே உரியது. பிராங்க்ஸ் தந்த தாளத்தையும், முன்னோர் தந்த இன்னிசையையும், உடன்பாடுவோர் துணையையும் பற்றி ஏறிய யோகி பி-யின் தமிழும் அத்தகையதே. பிறர் கலையைக் கற்றலால் ஒருவன் தன் மொழியை இழப்பதில்லை. தன் மொழியை அதனுள் கொண்டுசெல்லத் துணியாமையாலேயே இழக்கிறான். கல்லூரியிற் பயிலும் நாம் கைக்கொள்ளற்குரிய பாடம் இது.

விடுமுறை முடியுமுன் அப்பெரியவரை மீண்டும் கண்டேன். இவற்றையெல்லாம் விரித்துக் கூறிய பின், 'மடை திறந்து' பாட்டை ஒலிக்கச் செய்தேன். இளையராஜாவின் இன்னிசையை அவர் உடனே அறிந்துகொண்டார். இடையே சொல்லிசை விரைந்து பாய்ந்தபோது, அவர் விரல்கள் திண்ணையில் தாளமிட்டன. பாட்டு முடிந்ததும், "பேச்சுத்தான், ஆனால் தாளந் தப்பாத பேச்சு" என்றார். யான் தேடிய விடையை அவரே கூறிவிட்டார்.