வீடு எழும்புமுன் வரைபடம்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பது முதுமொழி. இவ்விரண்டும் கைப்பொருளைக் கரைக்கும் காரியங்கள் என்பதே அதன் கருத்தென்று பலர் கொள்வர். ஆயினும் வீடு கட்டுவோன் படும் துன்பத்திற் பெரும்பங்கு கல்லாலும் சீமெந்தாலும் விளைவதன்று. வைக்கத் தகாத இடத்தில் வைத்த சுவராலும், திறக்கத் தகாத திசையில் திறந்த கதவாலும் விளைவதாகும். காகிதத்தில் நேர்ந்த பிழையை ஓர் அழிறப்பர் தீர்த்துவிடும். அத்திவாரத்தில் நேர்ந்த பிழையை அலவாங்கு ஒன்றே தீர்க்கும். ஆதலின் வீட்டின் வரைபடத்தைப் பன்முறை திருத்துவது காலத்தை வீணாக்குவதாகாது. அதுவே கட்டட வேலையின் முதற் பாகமும் மலிவான பாகமுமாகும்.

இவ்வுண்மை எங்கும் பொருந்துமாயினும், திருகோணமலையைப் போன்ற துறைமுகப் பட்டினத்திற்கு மிகவும் பொருந்தும். கிழக்கே திறந்த கடல், மேற்கே உட்துறைமுகம் என இருபுறமும் நீர் சூழ்ந்த நிலம் அது. மே மாதம் முதல் செப்டெம்பர் வரை, மலைநாட்டில் மழையைப் பொழிந்துவிட்டு வறண்டுவரும் கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து அனலாய் வீசும். நவம்பர் முதல் வடகீழ்ப் பருவக்காற்று மழையைச் சுமந்துகொண்டு எதிர்த்திசையிலிருந்து வரும். 1964 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் தனுஷ்கோடியை அழித்த புயல் அதற்குமுன் திருகோணமலைக் கரையையே தாக்கியது. 2000 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் மற்றொரு புயல் அக்கரையிலேயே ஏறியது. சரியாக நான்கு ஆண்டுகள் கழித்து, 2004 ஆம் ஆண்டு அதே டிசம்பர் 26 ஆம் நாள், ஆழிப்பேரலை வந்தது. இத்தகைய இடத்தில் வேற்றூர் வீடொன்றின் படத்தைப் பெயர்த்தெழுதிக் கட்டுவது, பிறனுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை அணிவது போலாகும்.

பேரலைக்குப் பின்னர் எழுந்த நிரந்தர வீடுகளுக்கு 500 சதுர அடி என்னும் அளவு பெருவழக்காயிற்று. வடக்கிலும் கிழக்கிலும் 2012 இல் பெருமளவில் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தின் வீடுகள் ஏறத்தாழ 550 சதுர அடி பரப்புடையன. வீட்டுக்காரரே பணத்தைத் தவணை தவணையாகப் பெற்றுத் தம் மேற்பார்வையிற் கட்டுவிக்கும் முறை அத்திட்டத்திற் பெரிதும் கையாளப்பட்டது. பிறர் வரைந்து பிறர் கட்டிக் கையளித்த வீடுகள் சிலவற்றிலோ, விறகு அடுப்பிற்கும் புகைபோக்கிக்கும் இடமின்றிப் போயிற்று. குடிபுகுந்த பெண்கள் வீட்டின் பின்னே கிடுகால் வேறொரு குசினியைச் சாய்த்துக்கொண்டனர். சமைப்பவரைக் கேளாமல் வரைந்த வரைபடத்தைச் சமைப்பவரே பின்னர் திருத்திவிடுவர் என்பதற்கு இது சான்று.

இந்த 500 சதுர அடியையே எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஒரு வரைபடம் எவ்வாறு படிப்படியாகச் சீர்பெறும் என்பதைக் காணலாம். உப்புவெளிப் பக்கத்தில் 20 பேர்ச் வளவு ஒன்று இருப்பதாகக் கொள்க. ஒரு பேர்ச் என்பது 272¼ சதுர அடி. எனவே வளவின் பரப்பு 5,445 சதுர அடி, அதாவது 55 அடி அகலமும் 99 அடி நீளமும் கொண்ட காணி. தெரு கிழக்கே உள்ளது. துறைமுகத்தில் இரவு வேலையும் பார்க்கும் தந்தை, தாய், முதிய பாட்டி, இரு பெண்மக்கள் என ஐவர் கொண்ட குடும்பம்.

முதலில் வரையும் படம் பெரும்பாலும் பிறர் வீட்டின் நினைவாகவே அமையும். தெருப்பக்கம் ஒரு மண்டபம். அதன் பின்னே 3 அடி அகலமும் 15 அடி நீளமுமான ஒரு நடை. நடையின் இருமருங்கும் அறைகள். கடைசியில், மேற்கு ஓரத்திற் குசினி. பார்வைக்கு இது குற்றமற்றதாகவே தோன்றும். ஆனால் அந்த நடை மட்டும் 45 சதுர அடியை விழுங்குகிறது. வீட்டில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு, எவரும் அமராமலும் உறங்காமலும் கடந்து செல்வதற்கென்றே செலவாகிறது. அன்றியும், மேற்கிலமைந்த குசினியின் புகையைக் கச்சான் காற்று ஐந்து மாதமும் வீட்டினூடே துரத்திக்கொண்டு வரும்.

இரண்டாம் படத்தில் நடையை நீக்கிவிடலாம். வீடு வடக்குத் தெற்காக 25 அடியும் கிழக்கு மேற்காக 20 அடியும் கொண்டதாகட்டும். நடுவே கிழக்குச் சுவரிலிருந்து மேற்குச் சுவர் வரை 20 அடி நீளமும் 8 அடி அகலமுமான மண்டபம். அதன் வடபுறம் பத்துக்குப் பத்து அளவில் இரண்டு அறைகள். தென்புறம் பத்துக்கு ஏழு அளவில் இரண்டு பகுதிகள்: தென்கிழக்கிற் குசினி, தென்மேற்கிற் களஞ்சியமும் குளியலறையும். மண்டபம் 160, அறைகள் 200, தென்பகுதி 140. கூட்டினால் 500 சதுர அடி. எல்லா வாயில்களும் மண்டபத்தில் நேரே திறப்பதால் நடைக்குத் தேவையில்லை. மண்டபத்தின் இரு முனைகளிலும் வாயில் இருப்பதால், கடற்காற்று ஒருபுறம் புகுந்து மறுபுறம் வெளியேறும். ஆபத்து வேளையில் கடலுக்கு எதிர்ப்புறமாக ஓடுவதற்கு மேற்கு வாயில் ஆயத்தமாயிருக்கும். கரையோர வீட்டிற்கு இது அலங்காரமன்று, உயிர்க்காவல்.

குசினி தென்கிழக்கிற்கு மாறியதன் பொருளை ஆராய்வது பயனுடையது. திருகோணமலையின் பருவக்காற்றுகள் தென்மேற்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் மாறி மாறி வீசுவன. ஆதலின் இரு பருவத்திலும் வீட்டுக்குட் புகை புகாத மூலைகள் தென்கிழக்கும் வடமேற்குமே. தென்கிழக்கை அக்கினி மூலை என்று முன்னோர் வகுத்தனர். மரபு கூறியதும் காற்று கூறுவதும் இங்கே ஒன்றாயின. மனையடி சாத்திரத்திற் பற்றுடையோர் அறையின் நீள அகலங்களை ஓரடி கூட்டவோ குறைக்கவோ விரும்பலாம். அதற்கும் வரைபட நிலையிலேயே இடங்கொடுத்துவிடல் வேண்டும். சுவர் எழும்பிய பின் சாத்திரம் பார்ப்பது வீட்டில் வழக்கை வளர்ப்பதாகவே முடியும்.

மூன்றாவதாகக் கருதற்பாலது வெயில். திருகோணமலை நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 8½ பாகையில் உள்ளது. ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் இறுதியிலும் நண்பகற் சூரியன் அங்கே நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் வடக்கே சாயும். ஜூனில் அச்சாய்வு 15 பாகை அளவினது. டிசம்பரில் 32 பாகை தெற்கே சாயும். எனவே இரண்டடி நீண்ட கூரை இறப்பு, ஜூன் நண்பகலில் வடசுவரில் ஏழு அடிக்கும், டிசம்பர் நண்பகலில் தென்சுவரில் மூன்று அடிக்கும் நிழல் தரும். ஆனால் காலையிலும் மாலையிலும் தாழ்ந்து வரும் வெயிலை எந்த இறப்பும் தடுக்க இயலாது. கிழக்கே விறாந்தையும், மேற்கே வேம்பும் பூவரசுமே அதற்கு மருந்து.

யார் எந்த அறையில் உறங்குவது என்பதையும் வெயிலே தீர்மானிக்கும். வடமேற்கு அறையின் மேற்குச் சுவர் பிற்பகலிற் சூடேறி, அந்தச் சூட்டை இரவு முழுதும் உள்ளே உமிழும். ஆயின் காலை முதல் நண்பகல் வரை அது குளிர்ந்தே கிடக்கும். இரவு வேலை முடித்து வந்து முற்பகலில் உறங்கும் தந்தைக்கு, தெருவோசைக்கும் அப்பாற்பட்ட அவ்வறையே தக்கது. வடகிழக்கு அறையோ நண்பகலோடு வெயிலை நீங்கி, மாலைக்குள் ஆறிவிடும். இரவிலுறங்கும் பாட்டிக்கும் பிள்ளைகளுக்கும் அது ஏற்றது. ஓரணாவும் செலவின்றி, அறைகளுக்கு ஆட்களை மாற்றியமைப்பதனாலேயே கிடைக்கும் சுகம் இது.

நான்காவது சிக்கல் புயல். நிழல் வேண்டுமென்று இறப்பை அதிகமாக நீட்டினால், புயற்காற்று அதன் அடியிற் புகுந்து கூரை முழுவதையும் தூக்கிவிடும். நிழலும் வேண்டும், கூரையும் நிலைக்க வேண்டும். இவ்விரண்டிற்கும் இசைவான வழி, விறாந்தையின் கூரையைத் தலைக்கூரையின் நீட்சியாக அமையாது தனித்து அமைப்பதாகும். அது பறந்தாலும் வீட்டின் கூரை எஞ்சும். இரு பக்கம் மட்டுமன்றி நாற்புறமும் சரிந்து, 30 பாகை அளவு சாய்வுடைய கூரை காற்றை எளிதில் வழியவிடும். கைமரங்கள் சுவர்த்தலை மரத்தோடும், அம்மரம் சுவரின்மீது ஓடும் கொங்கிறீற் வளையத்தோடும், அவ்வளையம் அத்திவாரத்தோடும் இரும்பாற் பிணைக்கப்படல் வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் பிற கண்ணிகள் பயனற்றனவாம்.

வீடு நிற்கும் இடத்தையும் வளவின் படத்திலேயே குறித்தல் வேண்டும். மணற்பாங்கான நிலத்திற் கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் 50 அடி இடைவெளி விடுவது சுகாதார விதி. 55 அடி அகல வளவில் இவையிரண்டும் பக்கத்துக்குப் பக்கம் அடங்குவது அரிது. நீளவாட்டத்திலேயே இடம் பிரித்தல் வேண்டும். அயல்வீட்டுக் கிணற்றையும் மறந்துவிடலாகாது. நிலத்தடி நீர் சாயும் திசையையும் அறிந்து, குழியிலிருந்து கிணற்றை நோக்கி அது பாயாதவாறு வைத்தல் நலம்.

கிழக்குக் கரைத் தமிழரிடையே மகளுக்கு வீடு கொடுத்து, மருமகனை அவ்வீட்டிற்கே அழைத்துக்கொள்ளும் வழக்கம் பெரிதும் உண்டு. மூத்தவள் மணம்புரிந்ததும் பெற்றோர் வீட்டை அவளுக்கு விட்டு, வளவிலேயே வேறொரு சிறு வீட்டிற்குச் செல்வதுண்டு. இளையவளுக்கும் ஒரு வீடு வேண்டும். ஆகவே முதல் வீட்டை வளவின் நட்டநடுவே வைப்பது, இரண்டாம் மகளின் இடத்தை இப்பொழுதே பறிப்பதாகும். வீட்டை ஒருபக்கம் ஒதுக்கி வைத்து, மறுபக்கத்தை வரைபடத்திலேயே வெறுமையாக விடல் வேண்டும். பிற்காலத்தில் அறை சேர்க்கக் கருதும் சுவரில், வாயிலுக்குரிய மேற்கல்லை இப்பொழுதே பதித்து, கீழே செங்கல்லால் அடைத்துவிட்டால், அந்நாளில் சுவரை இடிக்கும் அச்சமில்லை.

சிறிய இடத்திற் காற்றையும் ஒளியையும் வருவிக்கும் கலை இந்நாட்டிற்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்து நாற்சார் வீடு நடுமுற்றத்தைச் சூழ்ந்து எழுந்தது. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா, 1960 களின் தொடக்கத்திற் கொழும்பில் ஈனா த சில்வாவுக்குக் கட்டிய வீடும், ஒடுங்கிய நகரக் காணியில் நடுமுற்றத்தையே உயிர்நிலையாகக் கொண்டது. 500 சதுர அடியில் முற்றத்திற்கு இடமில்லை. ஆயினும் காற்று ஊடுருவிச் செல்லும் நடுமண்டபம் அம்முற்றத்தின் வேலையை ஓரளவு செய்துவிடும்.

இறுதியாக ஒரு சோதனை. 1915 ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் நடைமுறையிலுள்ள இடங்களில், உள்ளூராட்சிச் சபையின் அங்கீகாரம் பெறாத வரைபடத்தின்படி வீடு கட்டலாகாது. சபைக்குப் படத்தைக் கொடுப்பதற்கு முன்னரே, வளவிற் சாம்பலாலோ சுண்ணாம்பாலோ படத்தை முழு அளவிற் கீறிப் பார்த்தல் வேண்டும். குடும்பத்தினர் யாவரும் அக்கோடுகளுக்குள் ஒருநாள் நடக்கட்டும். கட்டில் இருக்குமிடத்திற் பாயை விரிக்கட்டும். கதவு திறந்தால் அலுமாரியில் முட்டுமா என்று ஒரு பலகையைப் பிடித்துப் பார்க்கட்டும். தாய் அடுப்பின் முன் அமர்ந்து, விறகும் நீரும் எட்டும் தூரத்தில் உள்ளனவா என்று நோக்கட்டும். பாட்டி நள்ளிரவிற் படியேறாமல், மழையில் நனையாமல் மலசலகூடத்திற்குச் செல்ல முடியுமா என்று நடந்தே காட்டட்டும். மேசனும் தச்சரும் அறியாத குறைகளை அந்த மூதாட்டியின் பத்து அடி நடை அறிவித்துவிடும்.

அப்பொழுது கோடுகள் சில அழியும், சில இடம் மாறும். அதற்காக எவரும் வருந்த வேண்டியதில்லை. சாம்பற் கோட்டைக் காலாலேயே அழித்துவிடலாம். அதனை அழிக்கத் தயங்கியவர், பின்னர் அதே இடத்திற் சுவரைப் பார்த்துக்கொண்டே வாழ்நாளைக் கழிக்க நேரும்.