9999999999: ஒரே எண்ணில் ஏழரை லட்சம் பேர்!

மொத்தம் 7,49,820 பேர். இத்தனை பேருக்கும் ஒரே மொபைல் போன் எண். அந்த எண் 9999999999. இன்னும் 1,39,300 பேருக்கு 8888888888. மேலும் 96,046 பேருக்கு 9000000000.

இது கற்பனை அல்ல. ஆயுஷ்மான் பாரத் என்று நாம் அழைக்கும் பிரதம மந்திரி மக்கள் ஆரோக்கியத் திட்டத்தின் டேட்டாபேஸை ஆராய்ந்து, சி.ஏ.ஜி. எனப்படும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் தந்த அறிக்கையில் உள்ள தகவல். 2023 ஆகஸ்டில் இந்த அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அதன் பிடிஎப் பைலைப் படித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான். இதில் உள்ள சோதனைகள் பலவற்றை, புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய ஒருவர் கூட எக்ஸெல் தொகுப்பில் செய்து பார்க்கலாம். இப்படிப் பார்த்தால், மருத்துவக் காப்பீட்டில் மோசடியைக் கம்ப்யூட்டர் எப்படிப் பிடிக்கிறது, எந்த இடத்தில் அதனால் பிடிக்க முடியாமல் போகிறது என்ற இரண்டும் நமக்குப் புரிந்துவிடும்.

திட்டம் எப்படி இயங்குகிறது?

இந்தத் திட்டம் 2018 செப்டம்பர் 23 அன்று ராஞ்சியில் தொடங்கப்பட்டது. தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை அரசு ஏற்கிறது. தமிழகத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துடன் இணைத்து இது செயல்படுத்தப்படுகிறது. 70 வயது நிரம்பியவர்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இதனை அளிக்கும் விரிவாக்கம் 2024 அக்டோபரில் வந்தது. எனவே இதைப் படிக்கும் பலரின் வீட்டில் ஒரு கார்டாவது இருக்கும்.

நோயாளி கையில் பணம் புரளுவதில்லை. மருத்துவமனை சிகிச்சை அளிக்கிறது. பிறகு அரசிடம் பணம் கேட்கிறது. இதற்கு மூன்று நிலைகள் உள்ளன.

முதலாவது, அடையாளம். வந்திருப்பவர் கார்டுக்கு உரியவர்தானா என்று பயனாளி அடையாள சாப்ட்வேர் பார்க்கிறது. இரண்டாவது, முன் அனுமதி. என்ன நோய், எந்த சிகிச்சை என்று பட்டியலில் உள்ள பேக்கேஜ் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சோதனை முடிவுகளுடன் மருத்துவமனை அனுப்ப வேண்டும். மூன்றாவது, கிளெய்ம். நோயாளி வீடு திரும்பிய பின், டிஸ்சார்ஜ் சம்மரி போன்ற ஆவணங்களை அப்லோட் செய்து பணம் கேட்க வேண்டும்.

மோசடி இந்த மூன்று நிலைகளில் ஏதேனும் ஒன்றில்தான் நுழைய வேண்டும். ஒருவர் கார்டில் இன்னொருவர் படுப்பது முதல் வகை. தேவையில்லாத அறுவை சிகிச்சைக்கு அனுமதி வாங்குவது இரண்டாவது வகை. சாதாரணக் காய்ச்சலுக்குப் பெரிய நோயின் பேக்கேஜைப் போடுவதும், செய்யாத சிகிச்சைக்குப் பில் அனுப்புவதும் மூன்றாவது வகை. அரசிடம் பணம் பெற்றுக்கொண்டே நோயாளியிடமும் தனியாகப் பணம் வாங்குவது இன்னொரு வகை. இது எந்த டேட்டாபேஸிலும் பதிவாகாது.

எக்ஸெலில் ஒரு சிறு பயிற்சி

நான் செய்து பார்த்ததை நீங்களும் செய்து பாருங்கள். எக்ஸெலைத் திறந்து ஒரு புதிய ஒர்க்ஷீட்டில் ஐந்து நெடுவரிசைகளை அமைத்திடவும். அவை: பெயர், மொபைல் எண், மருத்துவமனை, சேர்ந்த நாள், டிஸ்சார்ஜ் நாள். இன்னும் எதையும் டைப் செய்திட வேண்டாம்.

சோதனை 1: மொபைல் எண் உள்ள நெடுவரிசையைத் தேர்ந்தெடுக்கவும். டேட்டா டேப் கிளிக் செய்து, அதில் டேட்டா வேலிடேஷன் செல்லவும். அலவ் என்ற இடத்தில் டெக்ஸ்ட் லெங்த், அடுத்து ஈக்வல் டு, கடைசியாக 10 எனக் கொடுத்து ஓகே தட்டவும். இனி 9 இலக்கம் டைப் செய்தால் எக்ஸெல் ஏற்காது, எச்சரிக்கை காட்டும்.

இப்போது 9999999999 என டைப் செய்து பாருங்கள். எந்த முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொள்கிறதல்லவா? பத்து இலக்கம் வேண்டும் என்றோம். பத்து இலக்கம் இருக்கிறது. நாம் சொன்ன விதியை மட்டுமே கம்ப்யூட்டர் பார்க்கும். அவசரத்தில் இருக்கும் ஒரு டேட்டா என்ட்ரி ஆபரேட்டர், கட்டத்தை நிரப்ப 9 என்ற கீயைப் பத்து முறை தட்டினால் அது விதிப்படி சரியான எண்தான்.

ஆதார் எண் இந்த விஷயத்தில் கொஞ்சம் கெட்டி. அதன் 12 இலக்கங்களில் கடைசி இலக்கம் ஒரு சோதனை இலக்கம். முன்னால் உள்ள 11 இலக்கங்களைக் கொண்டு ஒரு கணக்கு போட்டு அது பெறப்படுகிறது. எனவே ஓர் இலக்கத்தை மாற்றி டைப் செய்தாலும், அடுத்தடுத்த இரண்டு இலக்கங்களை இடம் மாற்றிப் போட்டாலும் தவறு தெரிந்துவிடும். மொபைல் எண்ணில் இப்படி ஓர் ஏற்பாடு இல்லை. ஆனால் சோதனை இலக்கம் இருந்தும், தமிழகத்தில் வெறும் 7 ஆதார் எண்களில் 4,761 பதிவுகள் இருந்ததாகத் தணிக்கை சொல்கிறது. எண் சரியானதா என்று கேட்பது ஒரு கேள்வி. அந்த எண் ஒருவருக்கு மட்டும் உரியதாக இருக்கிறதா என்பது வேறு கேள்வி. இரண்டையும் கேட்க வேண்டும்.

சோதனை 2: இப்போது இருபது வரிசைகளில் கற்பனைத் தகவல்களை நிரப்புங்கள். உண்மையான யாருடைய விவரமும் வேண்டாம். இருபதில் நான்கு பேருக்கு மட்டும் 9999999999 எனக் கொடுங்கள். பின் மொபைல் எண் நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, ஹோம் டேபில் கண்டிஷனல் பார்மட்டிங், அதில் ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், அதில் டூப்ளிகேட் வேல்யூஸ் என வரிசையாகச் சென்று ஓகே கொடுக்கவும். ஒன்றுக்கு மேற்பட்ட முறை வந்த எண்கள் எல்லாம் சிவப்பு நிறத்தில் எழுந்து நிற்கும். இருபது வரிசைக்கு என்ன வேலையோ, இரண்டு கோடி வரிசைக்கும் அதே வேலைதான். அதற்குப் பெரிய கம்ப்யூட்டர் வேண்டும், அவ்வளவே.

சோதனை 3: ஒரே நபரை இரண்டு மருத்துவமனைகளில் சேர்த்துத் தேதிகளைக் கொடுங்கள். முதல் மருத்துவமனையில் 5ஆம் தேதி முதல் 12ஆம் தேதி வரை. இரண்டாவதில் 9ஆம் தேதி சேர்க்கை. பின் டேட்டா டேபில் சார்ட் கொடுத்து, முதலில் பெயர், அடுத்து சேர்ந்த நாள் என வரிசைப்படுத்தவும். 12ஆம் தேதி டிஸ்சார்ஜ் ஆனவர் 9ஆம் தேதியே வேறு இடத்தில் படுத்திருப்பது கண்ணில் படும். இதே சோதனையில்தான் 48,387 நோயாளிகளின் 78,396 கிளெய்ம்கள் சிக்கியதாக அறிக்கை கூறுகிறது.

சிவப்பு என்றால் திருட்டா?

இங்கேதான் அவசரப்படக் கூடாது. இரண்டு இடத்தில் ஒரே நேரம் என்றதும் மோசடி என்று முடிவு கட்டத் தோன்றும். ஆனால் திட்டத்தை நடத்தும் தேசிய சுகாதார ஆணையம் தந்த ஒரு விளக்கத்தைக் கேளுங்கள். ஒரு மருத்துவமனையில் குழந்தை பிறக்கிறது. தாய் அங்கேயே இருக்கிறார். பச்சிளம் குழந்தை தீவிர சிகிச்சைக்காக வேறு மருத்துவமனைக்குப் போகிறது. குழந்தைக்குத் தனிக் கார்டு ஏது? தாயின் கார்டு எண்ணில்தான் பதிவு ஆகும். டேட்டாபேஸில் ஒருவர் இரண்டு இடத்தில் இருப்பார். இதில் திருட்டு எதுவும் இல்லை. அதைச் சந்தேகித்துப் பணத்தை நிறுத்தினால் பாதிக்கப்படுவது ஒரு குழந்தை.

அப்படியானால் விளக்கம் கிடைத்ததும் மூடிவிடலாமா? அதுவும் கூடாது. அந்தப் பட்டியலில் ஆண் நோயாளிகள் 23,670 பேர் இருந்தனர். அவர்களுக்குத் தாய்–சேய் விளக்கம் எப்படிப் பொருந்தும் என்று அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும். பில்டரில் பாலினம் என்று ஒரு கட்டத்தைச் சேர்த்தால் போதும், இந்தக் கேள்வி பிறந்துவிடுகிறது.

மொபைல் எண் விஷயத்திலும் அரசு ஒரு பதில் சொன்னது. பயனாளியை உறுதி செய்வது ஆதாரைக் கொண்டுதான், மொபைல் எண் தொடர்புக்கும் கருத்துக் கேட்பதற்கும் மட்டுமே என்பது அந்தப் பதில். ஓர் எண்ணைக் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட குடும்பங்கள் பயன்படுத்த முடியாதபடி சாப்ட்வேரின் இரண்டாம் பதிப்பு அமைக்கப்பட்டதாகவும் ஆணையம் கூறியது. ஆனால் தொடர்புக்கான எண் என்பதாலேயே அது முக்கியம் என்பேன் நான். “உங்கள் பெயரில் அறுவை சிகிச்சை நடந்ததா?” என்று கேட்க வேண்டிய போன், 9999999999க்குப் போனால் பதில் சொல்ல யார் இருக்கிறார்கள்?

அறிக்கையின் இன்னொரு பகுதி மனதை உறுத்துவது. முன்பு சிகிச்சையின்போது இறந்ததாகப் பதிவான 3,446 பேரின் பெயரில், பின்னர் நடந்த சிகிச்சைகளுக்கு 6.97 கோடி ரூபாய் வழங்கப்பட்டிருந்தது. நோயாளி சேர்ந்த மூன்று நாட்களுக்குள் முன் அனுமதி கேட்க மருத்துவமனைகளுக்கு இடம் உண்டு. அதற்குள் நோயாளி இறந்திருக்கலாம் என்று அமைச்சகம் விளக்கியது. சில பதிவுகளுக்கு இது சரியாக இருக்கலாம். எது சரி, எது தவறு என்று பிரிக்க ஒரு மனிதர் அந்தக் கோப்பைத் திறந்து படித்தாக வேண்டும். கம்ப்யூட்டர் சிவப்பு விளக்கைப் போடும். தீர்ப்பை அது எழுதாது.

இந்த வேலைக்காகவே தேசிய அளவில் மோசடித் தடுப்புப் பிரிவும், மாநிலங்களில் அதன் கிளைப் பிரிவுகளும் உள்ளன. 2025இல் நாடாளுமன்றத்தில் அரசு அளித்த தகவலின்படி, 1,114 மருத்துவமனைகள் திட்டத்திலிருந்து நீக்கப்பட்டன. 549 தற்காலிகமாக நிறுத்தப்பட்டன.

எண்கள் எல்லாம் சரியாக இருந்தால்?

2024 நவம்பரில் குஜராத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். மேசானா மாவட்டக் கிராமம் ஒன்றில் அகமதாபாத்தைச் சேர்ந்த தனியார் மருத்துவமனை இலவச முகாம் நடத்தி, 19 பேரைத் தன் இடத்திற்கு அழைத்துச் சென்றது. 17 பேருக்கு ஆஞ்சியோகிராம். 7 பேருக்கு ஸ்டென்ட். இருவர் இறந்தனர். தேவையில்லாமலே ஸ்டென்ட் பொருத்தினர் என்ற குற்றச்சாட்டில் கைதுகள் நடந்தன. மருத்துவமனை திட்டத்திலிருந்து நீக்கப்பட்டது.

கவனியுங்கள். கிராமத்து மக்கள் உண்மையானவர்கள், கார்டுகளும் அவர்களுடையவை. நாம் செய்த மூன்று சோதனைகளில் எதிலும் இவர்கள் பெயர் சிவப்பாகாது. இதன் பிறகு குஜராத் அரசு, இதய சிகிச்சைக்கு அனுமதி கேட்கும்போது ஆஞ்சியோகிராம் வீடியோவையும் அனுப்ப வேண்டும் என விதியைக் கடுமையாக்கியது. காப்பீட்டு மோசடி என்றால் அரசுப் பணம் போகிறது என்று மட்டும் பலர் நினைக்கிறார்கள். உயிரும் போகலாம்.

நாம் என்ன செய்யலாம்?

டேட்டாபேஸில் உங்களுக்கும் ஒரு வரிசை இருக்கிறது. அதைச் சரியாக வைத்திருப்பது உங்கள் கையில் உள்ளது. என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்பவை இவை.

1. கார்டு பதியும்போது உங்கள் வீட்டு மொபைல் எண்ணைக் கொடுங்கள். பதிவு மையத்தில் இருப்பவரின் எண்ணையோ, “ஏதோ ஒன்று போடுங்கள்” என்றோ விட்டுவிடாதீர்கள்.

2. கம்ப்யூட்டரில் திட்டத்தின் பயனாளி தளத்தைத் திறந்து, குடும்பத்தினர் பெயர்களைச் சரி பாருங்கள். தெரியாத பெயர் சேர்ந்திருந்தால் உடனே புகார் செய்யுங்கள். தளத்தின் முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என முடிகிறதா என்று பார்த்த பின்னரே எண்களை டைப் செய்திடவும்.

3. மருத்துவமனையில் என்ன சிகிச்சைக்கு அனுமதி கேட்கிறார்கள் என்று கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்காமல் வராதீர்கள். அதில் எழுதியிருப்பதும் உங்களுக்கு நடந்ததும் ஒன்றா என்று பாருங்கள். அதை ஸ்கேன் செய்து, ஆண்டுவாரியாக ஒரு போல்டரில் வைத்து, பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்திடவும்.

4. போனில் யார் கேட்டாலும் ஓடிபி சொல்ல வேண்டாம். ஆதார் ஆணையத்தின் தளத்தில் உங்கள் ஆதார் கடந்த ஆறு மாதங்களில் எப்போதெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியலைப் பெறலாம். கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதியும் அங்கே உண்டு. சிகிச்சைக்குப் போகும்முன் திறக்க மறக்காதீர்கள்.

5. தகுதி இல்லாவிட்டாலும் பணம் தந்தால் கார்டு எடுத்துத் தருகிறோம் என்பவர்களை நம்பாதீர்கள். மருத்துவமனை பணம் கேட்டால் ரசீது கேளுங்கள். புகாருக்கு 14555, தமிழகத் திட்டத்திற்கு 1800 425 3993.

அந்த 5 லட்சம் ரூபாய் முழுக் குடும்பத்திற்கும் பொது. உங்கள் பெயரில் போலியாக ஒரு பில் போனால், அந்த அளவு அங்கே குறையும். பிறகு வீட்டில் ஒருவர் உண்மையிலேயே நோயுற்று ஸ்ட்ரெச்சரில் இருக்கும்போதுதான் தொகை தீர்ந்தது தெரியவரும். எனவே இன்று அரை மணி நேரம் ஒதுக்கி, கம்ப்யூட்டர் முன் அமர்ந்து, முதலில் அந்த மொபைல் எண்ணைச் சரி பாருங்கள்.