ஒத்த மடங்கு எண்வரிசையும் கணினியும்

ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி என்பன தமிழர் வழங்கிய முகத்தலளவைகள். இவற்றுள் ஒவ்வொன்றும் தனக்கு முன்னதன் இருமடங்கு. ஆழாக்கை ஒன்றெனக் கொள்ளின் 1, 2, 4, 8 என வரிசை அமையும். வேறுபாடு வளர்ந்து செல்ல, மடங்கு மாறாது நிற்றலே இதன் இயல்பு. இதனை ஒத்த மடங்கு வரிசை என்போம்.

இவ்வமைப்பின் இன்றியமையாமையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். 1960களில் தோன்றிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டை போன்ற இடங்களில் லேத் எனப்படும் கடைசல் எந்திரம் பெருவழக்கினது. அதற்கு நிமிடத்திற்கு 50 முதல் 600 சுற்று வரை பன்னிரண்டு வேகப்படிகள் வேண்டும் என்க. 50, 100, 150 எனச் சம வேறுபாட்டில் அமைப்பின், முதலிரு படிகளுக்கிடையே வேகம் இருமடங்காகும். இறுதியிரு படிகளுக்கிடையேயோ நூற்றுக்கு ஒன்பது பங்கே மிகும். பருமனான இரும்பிற்குரிய வேகம் 95 ஆயின், 100இல் ஓட்டின் உளி விரைந்து தேயும். 50இல் ஓட்டின் வேலை ஏறத்தாழ இருமடங்கு நேரம் கொள்ளும். ஒத்த மடங்கில் அமைப்பின் 50, 62.7, 78.6, 98.5 எனப் படிகள் செல்லும். வேக இழப்பு எவ்விடத்தும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கிற்குள் அடங்கும்.

இவ்வெண்களைக் கணினி ஆக்கும் முறை எளிது. ஒத்த மடங்குடைய எண்களின் மடக்கைகள் சம வேறுபாடு உடையன. ஆதலின் 50, 600 என்பவற்றின் மடக்கைகளாகிய 1.699, 2.778 ஆகியவற்றின் இடைவெளியைப் பதினொன்றாகப் பகுத்தல் வேண்டும். பன்னிரண்டு எண்களுக்கு இடைவெளி பதினொன்றே. பெற்றவற்றைப் பத்தின் அடுக்குகளாக ஏற்றின் வரிசை கிடைக்கும். மடங்கு ஏறத்தாழ 1.25 ஆகும்.

பைத்தான் மொழியின் நம்பை தொகுப்பில் இதற்கு இரு கட்டளைகள் உள. ஜியோம்ஸ்பேஸ் என்பது முனையெண்களையே வேண்டும்; 50, 600, 12 எனத் தருதல் போதும். லாக்ஸ்பேஸ் என்பது அடுக்குகளை வேண்டும், அதற்கு 1.699, 2.778, 12 எனத் தருதல் முறை. இவ்வேறுபாட்டை உணராது பின்னதற்கு 50, 600 எனத் தரின், முதலெண்ணே பத்தின் ஐம்பதாம் அடுக்காகும். ஏழாவது எண் கணினியின் வழக்கமான எண்ணெல்லையைக் கடந்து முடிவிலியாகும். சுழியத்திற்கு மடக்கை இன்மையின், இவ்வரிசை சுழியத்தில் தொடங்குதலும் இயலாது.

ஆகவே, எடுத்துக்கொண்ட பொருளுக்கு வேறுபாடு முதன்மையோ மடங்கு முதன்மையோ எனத் துணிந்த பின்னரே கட்டளையைத் தேர்தல் தக்கது என்பது எம் கருத்து.