மெட்ரோனோம் வைத்துச் சாதகம் செய்யலாமா?

மேல்புவனகிரியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகள் வீணை கற்கிறாள். வர்ணம் வரைக்கும் வந்துவிட்டாள். இரண்டாம் காலம் எடுத்தால் ஓடுகிறாள் என்று ஆசிரியை சொல்கிறாராம். கைப்பேசியில் மெட்ரோனோம் செயலியைப் போட்டுக்கொண்டு வாசி என்கிறான் அண்ணன். அந்த டிக் டிக் சத்தம் வீட்டுக்குள் வரவே கூடாது என்கிறார் தாத்தா. யார் சொல்வதைக் கேட்பது?

புவனகிரி ராகவேந்திரர் பிறந்த ஊர். அவரும் வீணை வாசித்தவர் என்று அவருடைய வரலாறு சொல்கிறது. அந்த ஊரிலிருந்து வந்த வீணைக் கேள்வியை ஒரு வரியில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. ஆதி தாளத்துக்கு எத்தனை அட்சரம், லகு எது, திருதம் எது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நேராகக் கருவிக்கு வருகிறேன்.

நொடிக்கு ஒரு வீச்சு ஆடும் சாதாரண ஊசலுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் வேண்டும். நிமிடத்துக்கு 40 தட்டு வேண்டுமென்றால் இரண்டேகால் மீட்டர். அதை உத்தரத்திலிருந்துதான் தொங்கவிட வேண்டும். 1814-இல் ஆம்ஸ்டர்டாமில் இருந்த விங்கெல் என்ற கைவினைஞர் இதற்கு வழி கண்டார். தண்டின் அச்சுக்குக் கீழே ஒரு எடை, மேலே ஒரு சிறு எடை. இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பதால் சாண் உயரத் தண்டுகூட மெதுவாக ஆடுகிறது. மேல் எடையை உயர்த்தினால் வேகம் குறையும், இறக்கினால் கூடும். அதைப் பார்த்த மேல்செல் என்பவர் அளவுகோல் சேர்த்து 1815-இல் தன் பெயரில் காப்புரிமை வாங்கிவிட்டார். முதலில் கண்டவர் விங்கெல்தான் என்று பிற்பாடு ஒப்புக்கொள்ளப்பட்டும், பெயர் மேல்செலுக்கே நின்றது.

1817-இல் பீத்தோவன் தன் சிம்பொனிகளுக்கு இந்தக் கருவியைக் கொண்டு வேகம் குறித்துக் கொடுத்தார். ஊர் விட்டு ஊர் போகும் ஏட்டில் 'இந்த வேகம்' என்று எழுதிவைக்கத்தான் அவருக்கு அது பயன்பட்டது. மாணவர்களின் சாதகத்துக்கு வந்ததெல்லாம் பிறகு.

இனி, எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஒருவரை உட்காரவைத்து, சீராக வரும் டிக் ஒலியோடு சேர்ந்து விரலால் மேசையைத் தட்டச் சொல்கிறார்கள். ஒலி காதில் விழுந்து, பிறகு விரல் அசைய வேண்டுமானால் நொடியில் ஆறில் ஒரு பங்காவது பிடிக்கும். ஆகவே விரல் பிந்தித்தான் விழும் என்று நினைப்போம். விரலோ முந்தி விழுகிறது. நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு என்று, ஒலி வருமுன்பே மேசையைத் தொட்டுவிடுகிறது. தட்டியவரைக் கேட்டால் 'சரியாகச் சேர்ந்துதானே தட்டினேன்' என்பார். நூறாண்டுக்கு மேலாக, எத்தனையோ ஆய்வுக்கூடங்களில் இதைப் பார்த்திருக்கிறார்கள். இசைப் பயிற்சி உள்ளவர்களிடம் இந்த முந்தல் குறைவு. அடுத்த தட்டு எங்கே விழும் என்று உள்ளே ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது; விரல் அந்தக் கணக்குக்குக் கட்டுப்படுகிறது, காதுக்கு அல்ல.

தட்டுக்கும் தட்டுக்கும் இடைவெளியை நீட்டிக்கொண்டே போனால் இன்னொன்று நடக்கும். சுமார் இரண்டு நொடியை நெருங்கும்போது அந்தக் கணக்கு குலைந்துவிடுகிறது. விரல் ஒலிக்காகக் காத்திருந்து, கேட்ட பிறகு விழுகிறது. வேகமாக வாசிப்பதைவிடச் சவுக்க காலத்தில் நிற்பது கஷ்டம் என்று வித்வான்கள் சொல்வதற்கு ஒரு காரணம் இங்கே இருக்கிறது. அதற்கு நம்மவர்கள் எப்போதோ வழி செய்துவிட்டார்கள். எட்டு எண்ணிக்கையை வெறும் எட்டாக விடாமல் இரண்டு களை, நான்கு களை என்று உள்ளே பிரித்தார்கள். பல்லவி பாடுகிறவர் தொடையில் ஒரே எண்ணிக்கையை மறுபடி மறுபடி போடுவதைப் பார்த்திருப்பீர்கள். நீண்ட இடைவெளியை மனம் பிடித்துக்கொள்ளும் அளவுக்குத் துண்டு போடுகிற வேலை அது.

பக்கத்தில் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைக் கல்லூரியில் 1930-களில் தலைவராக இருந்தவர் டைகர் வரதாச்சாரியார். பிற்பாடு கலாக்ஷேத்ராவில் அவரிடம் படித்தவர் எம். டி. ராமநாதன் (1923–1984). ராமநாதனின் நிதானமான காலப்பிரமாணத்தைக் கேட்டுப் பாருங்கள். இரண்டு எண்ணிக்கைக்கு நடுவில் அத்தனை இடம். ஆனாலும் எதுவும் தொய்வதில்லை. அந்த வெற்றிடம் முழுக்க உள்ளே எண்ணப்பட்ட இடம். அவர் பாட்டைக் கேட்டுக்கொண்டு கையால் தாளம் போட முயலுங்கள், அந்தப் பெண்ணும் முயலட்டும். எந்தச் செயலியையும்விட இது நல்ல பரீட்சை.

செயலி வேண்டாம் என்று சொல்லவில்லை. தாத்தாவோடு இந்த இடத்தில் நான் ஒத்துப்போகவில்லை. ஓடுகிறோம் என்பது ஓடுகிறவருக்குத் தெரிவதில்லை. கஷ்டமான சங்கதியில் இழுத்து, சுலபமான இடத்தில் பாய்வது எல்லோருக்கும் உள்ளது. அதை முகத்துக்கு நேரே காட்ட ஒரு கருவி வேண்டும். ஆனால் எந்நேரமும் கூடவே தட்டிக்கொண்டிருந்தால் உள்ளே ஓட வேண்டிய கணக்குக்கு வேலையே இல்லாமல் போய்விடும். எங்கள் பக்கத்தில் வரிசை நடவுக்குக் கயிறு பிடிப்பார்கள். கயிற்றை எடுத்துவிட்ட பிறகு அடுத்த வரிசை எப்படிப் போகிறது என்பதில்தான் நடவு நடுகிற பெண்ணின் கை தெரியும்.

ஆகவே இப்படிச் செய்யலாம். முதலில் ஒவ்வொரு அட்சரத்துக்கும் ஒரு தட்டு. வர்ணம் அதில் உட்கார்ந்ததும் செயலியின் வேகத்தைப் பாதியாக்கி இரண்டு அட்சரத்துக்கு ஒன்று. பிறகு நான்குக்கு ஒன்று. கடைசியில் சமத்தில் மட்டும். தட்டு குறையக் குறைய அவளுடைய கணக்குக்கு வேலை கூடும். சில செயலிகளில் ஓர் ஆவர்த்தனம் ஒலித்து, அடுத்த ஆவர்த்தனம் மௌனமாக இருக்கும்படி வைக்கலாம். மௌனம் முடிந்து ஒலி திரும்பும்போது எத்தனை முந்தியிருக்கிறோம், எத்தனை பிந்தியிருக்கிறோம் என்பது பளிச்சென்று தெரியும். மிசிர சாபுக்கு மட்டும் ஏழு சம தட்டு வைக்காதீர்கள். மூன்றும் நான்குமாக நடக்கிற தாளம் அது. ஏழும் ஒரே மாதிரி விழுந்தால் அந்த நடை செத்துவிடும்.

மெட்ரோனோமுக்குக் காது இல்லை. நீங்கள் தடுமாறினால் அது நிற்காது, நீங்கள் அழகாக ஓர் இடத்தில் தங்கினால் அதற்குத் தெரியாது. நாகஸ்வரக் கச்சேரியில் ஓரமாக நின்று தாளம் போடுகிறவரைக் கவனித்திருக்கிறீர்களா? ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் சிதம்பரத்தில் சுவாமி புறப்படும்போது, மல்லாரி காலம் மாறி மாறிப் போகையில், நாகஸ்வரத்தையும் தவிலையும் இரண்டு சிறு வெண்கலக் கிண்ணத்தில் கட்டி வைத்திருப்பவர் அவர். தவில்காரர் எங்கே பாயப் போகிறார் என்று அவர் கண் பார்த்துக்கொண்டே இருக்கும். அந்தக் குழுவில் மிகக் குறைந்த சம்பளம் பெரும்பாலும் அவருக்குத்தான். பெயர்கூட அழைப்பிதழில் வராது. இப்போது எத்தனையோ சின்னக் கோயில்களில் தீபாராதனைக்கு ஆளே இல்லை. சுவிட்சைப் போட்டால் மோட்டார் மேளத்தையும் மணியையும் அடிக்கிறது. ஒரு தட்டுகூடப் பிசகாது. அதைக் கேட்டு வளரும் பிள்ளைக்கு, இன்னொருவரைக் கேட்டு வாசிப்பது என்றால் என்னவென்று எப்படித் தெரியும்? திருவிழாவுக்கு லட்சக்கணக்கில் வசூலிக்கிற ஊர்கள் வாரத்தில் ஒரு நாளாவது ஒரு மேளக்காரர் குடும்பத்தை அழைத்து வாசிக்க வைக்கலாம். முடியாத காரியம் இல்லை.

கடிதம் எழுதிய அம்மாவுக்கு: உங்கள் மகளின் கையிலேயே ஒரு தாளக் கருவி இருக்கிறது. வீணையின் பக்கத்தில் மூன்று தாளத் தந்திகள் உண்டு; சுண்டுவிரலால் மீட்டுவது. தொடக்கத்தில் பிள்ளைகள் அதைச் சும்மா கடமைக்குத் தொட்டுவிட்டுப் போவார்கள். அவள் ஓடும் இடத்தில் அந்தச் சுண்டுவிரல் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஒன்று விட்டுப்போயிருக்கும், அல்லது ஸ்வரத்தோடு சேர்ந்து அதுவும் ஓடியிருக்கும். ஒரு வாரம் இரண்டாம் காலத்தை விட்டுவிட்டு, முதல் காலத்தில் தாளத் தந்தி ஒன்றுகூடத் தப்பாமல் வாசிக்கட்டும். செயலியைச் சாதகத்தின் கடைசிப் பத்து நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், சரிபார்க்க மட்டும். ஆலாபனைக்கும் தானத்துக்கும் அதைத் திறக்கவே வேண்டாம்.