ஆசிரியர் பயிற்சியும் கருவிவழிக் கல்வியும்

கல்வியுலகிற் புதுக்கருவியொன்று தோன்றுந்தோறும், அஃது ஆசிரியர் பணியை அடியோடு மாற்றிவிடும் என்னும் நம்பிக்கையும் உடன் தோன்றுதல் வழக்கம். அசையும் படம் புதுமையாயிருந்த 1913ஆம் ஆண்டில், பாடசாலைகளில் நூல்கள் விரைவில் வழக்கொழியும் என்று கருதினார் தோமஸ் எடிசன். நூல்கள் ஒழிந்தில. படத்தின்பின் வானொலியும், அதன்பின் தொலைக்காட்சியும், அதன்பின் கணனியும் வகுப்பறை வாயிலை அடைந்தன. எனினும் எதிர்பார்த்த அளவு எதுவும் உட்புகுந்திலது. குறை கருவியினதா, அதனைக் கையாள்வோர் பெற்ற பயிற்சியினதா என்பது ஆராயற்பாலது.

அமெரிக்கக் கல்வியியலறிஞர் பெக்கி ஏட்மர் 1999இல் இத்தடைகளை இருவகைப்படுத்தினார். உபகரணம், நேரம், பயிற்சி, உதவி என்பவற்றின் இன்மை புறத்தடையாகும். கற்பித்தல் என்பது இன்னதே என ஆசிரியர் உள்ளத்தில் வேரூன்றிய கொள்கை அகத்தடையாகும். முன்னையது பெரும்பாலும் பொருளால் நீங்கும். பின்னையது பொருளால் மட்டும் நீங்காது. பல நாடுகளின் அனுபவம் இவ்வுண்மையை விளக்குகின்றது.

மேற்காபிரிக்காவிலுள்ள ஐவரி கோஸ்ற் நாடு 1971ஆம் ஆண்டு முதல் ஆரம்பக் கல்வியைத் தொலைக்காட்சி வாயிலாக நடத்த முற்பட்டது. மின்சாரம் இல்லாத கிராமங்களில் மின்கலங்களைக் கொண்டு பெட்டிகளை இயக்கினர். புறத்தடையை வெல்லும் முயற்சி இவ்வாறு பெரிதாயிருந்தது. ஆயின் பாடத்தின் போக்கையும் வேகத்தையும் திரை வகுக்க, ஆசிரியர் அதனைப் பின்பற்றுபவராயினர். செலவு பெருகிற்று, ஆசிரியரிடையும் பெற்றோரிடையும் அதிருப்தி வளர்ந்தது. 1982இல் அத்திட்டம் கைவிடப்பட்டது.

இந்தியாவின் அனுபவம் வேறுவகைத்து. 1975 ஓகஸ்ற் முதல் 1976 யூலை வரை, அமெரிக்காவிடம் இரவல் பெற்ற செயற்கைக் கோளின் துணையால் ஆறு மாநிலங்களைச் சேர்ந்த ஏறக்குறைய 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. அக்காலத்திலேயே ஆரம்பப் பாடசாலை ஆசிரியர் பல்லாயிரவர்க்கு விஞ்ஞானம் கற்பிக்கும் முறையிற் பயிற்சி அளிக்கப்பட்டது. ஒளிபரப்போடு வானொலியும், அச்சிட்ட பாடங்களும், செய்முறைகளும் இணைந்திருந்தமை அதன் சிறப்பு. ஆயினும் ஆண்டு முடிந்ததும் செயற்கைக் கோள் மீளப்பெறப்பட்டது. பிறர் கருவியை நம்பிய பயிற்சிக்குத் தொடர்ச்சி அரிதென்பது இதனாற் புலனாகும்.

தென்னமெரிக்காவின் பெரு நாடு 2008 முதல் மாணவர்க்கு மடிக்கணனிகளைப் பேரளவில் வழங்கியது. ஆசிரியர்க்கு வகுக்கப்பட்ட பயிற்சியோ 40 மணித்தியாலமே. கிராமப் பாடசாலைகள் 319இல் நடந்த ஆய்வின் முடிவு 2012இல் வெளிவந்தபோது, கணனிப் பயன்பாடு மிகுந்திருந்தும் கணிதத்திலும் மொழியிலும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்படவில்லை.

வறுமையே இத்தோல்விகட்கெல்லாம் காரணம் என்பார்க்கு இங்கிலாந்து தக்க மறுமொழியாகும். 1999இல் அந்நாட்டிற் சேவையிலிருந்த ஆசிரியர்க்குக் கணனிப் பயிற்சி அளிக்கும் திட்டம் தொடங்கிற்று. ஐக்கிய இராச்சியம் முழுவதற்கும் ஒதுக்கிய தொகை 230 மில்லியன் பவுண். எனினும் ஆசிரியர் பலர் தமது ஓய்வு நேரத்திலேயே பயில வேண்டியிருந்தது. கற்றவற்றுட் பல தத்தம் பாடத்தோடு பொருந்தாதனவாய் அமைந்தன. பொருள் இருந்தும் நேரமும் பொருத்தமும் இல்லாமையால் அத்திட்டம் எதிர்பார்த்த பயனைத் தந்திலது.

இவற்றினின்றும் பயிற்சிக் கலாசாலைகள் அறியத்தக்கது ஒன்றுண்டு. ஆசிரியர் தாம் கற்பிக்கப்பட்ட முறையிலேயே பிறர்க்குக் கற்பிக்கும் இயல்பினர். கணனியைப் பற்றி விரிவுரை கேட்டுக் குறிப்பெழுதிப் பரீட்சையிற் சித்தியடைந்தவர், தம் வகுப்பிலும் குறிப்பையே எழுதுவிப்பார். பாட அறிவும் கற்பிக்கும் அறிவும் ஒன்றிக் கலத்தல் வேண்டும் என லீ சுல்மான் 1986இல் வற்புறுத்தினார். அவற்றோடு கருவியறிவும் கலத்தல் வேண்டும் என 2006இல் மிஸ்ராவும் கோலரும் விரித்தனர். ஆதலின் ஆசிரிய மாணவர், இலைவாய்களைக் காட்டும் படமொன்றையோ பின்னத்தை விளக்கும் கணனிப் பயிற்சியொன்றையோ கற்பித்தற் பயிற்சியின்போதே உண்மை வகுப்பிற் கையாண்டு, விரிவுரையாளரொடு அதன் குறைநிறைகளை ஆராய்தல் வேண்டும். அதனை எப்போது எடுப்பது என்பதோடு எப்போது மூடிவைப்பது என்பதையும் அவர் அங்கேயே கற்றல் வேண்டும்.

கைவிடப்பட்ட திட்டத்தின் செலவைப் பிறிதோராண்டில் ஈடுசெய்யலாம். அத்திட்டத்தின்கீழ்ப் பயின்ற பிள்ளைகளின் ஆண்டுகள் மீளா.